பந்தாட்டம் கற்பித்த பள்ளி ஆசிரியர்

ஸ்ரீரங்கத்தில் வடக்கு வாசலைக் கடந்து சிறிது தொலைவு நடந்தால் கொள்ளிடக் கரையை அடையலாம். நான் பள்ளியில் பயின்ற காலத்தில், வெள்ளம் வடிந்தபின் ஆற்றின் நடுவே அகன்று கிடக்கும் மணற்பரப்பே எங்களுக்கு ஆடுகளம். இரு புறமும் இரண்டிரண்டு செங்கற்களை நட்டுவிட்டால் கோல் ஆயிற்று. பந்தின் பிளாடர் ஓட்டையானால் சைக்கிள் கடையில் ஒட்டுப்போட்டுக்கொண்டு வருவோம். எங்களுக்கு ஆட்டம் கற்பித்தவர் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர். ஊரார் அனைவருக்கும் அவர் டிரில் மாஸ்டர்.

ஒரு நாள் மாலை அவர் புதுமையானதொரு விதியைக் கூறினார். வலக்காலால் ஓடலாம், நிற்கலாம். பந்தைத் தொடுவதற்கு மட்டும் இடக்காலுக்கே உரிமை உண்டு என்றார். நாங்கள் சிரித்தோம். ஆட்டம் தொடங்கியதும் சிரிப்பு அடங்கிவிட்டது. எங்களுள் மிகத் திறமையானவன் என்று பெயர் பெற்றிருந்தவன் பந்தை உதைக்கப் போய் மணலில் மல்லாந்து விழுந்தான். அதுவரை எவராலும் பொருட்படுத்தப்படாத ஓர் இடக்கைப் பழக்கமுள்ள சிறுவன் அன்று மூன்று கோல்கள் போட்டான். ஆட்டம் முடிந்தபின் ஆசிரியர் எங்களை வட்டமாக அமர்த்திக்கொண்டு, “இது என்னுடைய யோசனை அல்லடா, ஹைதராபாத்து ரஹீம் சாகிபு கண்ட வழி” என்றார்.

அந்தப் பெயரை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். எங்கள் ஆசிரியர் ரஹீமை நேரில் கண்டவர் அல்லர். செய்தித்தாள்களில் படித்தும் வானொலியில் கேட்டும் அறிந்ததுதான். ஆயினும் பழைய வருகைப் பதிவேடு ஒன்றில், அம்மனிதரைப் பற்றி வெளிவந்த செய்திகளையெல்லாம் வெட்டி ஒட்டி வைத்திருந்தார். விளையாடுபவரிடம் மக்கள் ஈடுபாடு கொள்வது இயல்பு. விளையாடக் கற்பித்தவர் ஒருவரிடம், பல நூறு மைல்களுக்கு அப்பாலிருந்து ஒருவர் இத்தனை பற்று வைத்திருந்தது ஏன் என்பது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. பிற்காலத்தில் நானும் ஆசிரியனாகி, தலைமையாசிரியனாகி, ஓய்வும் பெற்ற பிறகு, அந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதனையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சையது அப்துல் ரஹீம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுப் பள்ளி ஆசிரியராகப் பணியில் அமர்ந்தார். பின்னர் உடற்பயிற்சிக் கல்வியில் பட்டயம் பெற்று, அந்நகரப் பள்ளிகளில் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றார். 1943-இல் ஹைதராபாத் கால்பந்துக் கழகத்தின் செயலாளராகி, இறுதிவரை அப்பொறுப்பை வகித்தார். 1950-இல் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். அவ்வாண்டு முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அவ்வணி பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. கல்கத்தாவே கால்பந்தின் தலைநகர் என்று நாடு நம்பியிருந்த காலம் அது. தக்காணத்திலிருந்து புறப்பட்ட காவலர் அணி ஒன்று அந்த நம்பிக்கையை அசைத்தது.

இந்திய அணியின் பொறுப்பும் விரைவில் அவரை வந்தடைந்தது. 1951-இல் புதுதில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டுகளில், மேவாலால் அடித்த ஒரே கோலால் ஈரானை வென்று இந்தியா தங்கப்பதக்கம் பெற்றது. நாடு மகிழ்ந்தது. அந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை.

1952 ஜூலையில் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் நம்மவர்கள் யூகோஸ்லாவியாவை எதிர்த்து ஆடினார்கள். நம்மவருள் பெரும்பாலோர் வெறுங்காலினர். 1948-இல் லண்டனில் வெறுங்காலுடனேயே பிரான்சை நடுங்கவைத்து, ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் மட்டுமே தோற்ற பெருமை நம் நினைவில் இருந்தது. அன்று இந்தியாவின் கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். பெயரைக் கேட்டாலே நம் பக்கத்து மனிதர் போலத் தோன்றும். இரண்டு பெனால்டி வாய்ப்புகளை அன்று நாம் வீணாக்கியிராவிட்டால் வெற்றியே கிட்டியிருக்கக்கூடும். ஆகவே பூட்ஸ் இல்லாமலே உலகை வெல்லலாம் என்று பலர் கருதியிருந்தனர். ஹெல்சின்கியின் குளிர்ந்த தரை அக்கருத்துக்கு விடை கூறிவிட்டது. யூகோஸ்லாவியா 10, இந்தியா 1.

பயிற்சியாளர் ரஹீம்தான். தான் பயிற்றுவித்த வகுப்பு முழுவதும் தேர்வில் தவறிவிட்ட ஆசிரியரின் நிலை எத்தகையது என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவ்வேளையில் ஆசிரியன் மாணவனைக் குறை கூறலாம், பாடத்திட்டத்தைக் குறை கூறலாம், விதியை நோகலாம். மாணவன் எந்த இடத்தில் தடுக்கினான் என்று விடைத்தாளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவன் அரியவன். ரஹீம் அத்தகையவர். அத்தோல்விக்குப் பின் கால்பந்துச் சம்மேளனம் பூட்ஸ் அணிவதைக் கட்டாயமாக்கியது. ஆனால் பூட்ஸ் அணிந்த மாத்திரத்தில் ஆட்டம் வந்துவிடாது. வெறுங்காலில் பந்தைத் தடவித் தடவி, எதிரிகளை ஒருவர்பின் ஒருவராக ஏமாற்றிச் செல்லும் வித்தையே நம் நாட்டில் பெரிதாக மதிக்கப்பட்டது. பார்ப்போர் கைதட்டுவதும் அதற்கே. அந்த வித்தை தனி மனிதனுக்குப் புகழ் தரும். அணிக்குக் கோல் தராது. நோய் இங்கே இருந்தது.

ரஹீம் கையாண்ட மருந்து ஒரு பள்ளி ஆசிரியருக்கே தோன்றக்கூடியது. ஹைதராபாத்தில் அவர் சில விசித்திரமான பந்தயங்களை நடத்திவந்தார். ஒரு பந்தயத்தில் பந்தை வைத்துக்கொண்டு ஏமாற்றி ஓடுவது தடை. பந்து வந்ததும் தோழனுக்கு அனுப்பிவிட வேண்டும். மற்றொன்றில் பழக்கமில்லாத காலால் மட்டுமே ஆடவேண்டும். வேறொன்றில் குறிப்பிட்ட உயரத்துக்கு உட்பட்ட சிறுவர்களே பங்குகொள்ளலாம். ஆகவே வளர்ந்தவர்களுக்கு நடுவே நசுங்கிப்போகாமல் இளையோரும் கற்றார்கள். பார்ப்பதற்கு விளையாட்டுக்குள் ஒரு விளையாட்டாகத் தோன்றும் இவை, உண்மையில் மிகத் தேர்ந்த பாடங்கள். குறை எங்கே உள்ளதோ அங்கேயே பயிற்சி தருவது, எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்வது, பின்தங்கியவனுக்கும் ஒரு வாய்ப்பை வகுத்துக்கொடுப்பது ஆகிய மூன்றையும் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ரஹீம் அவற்றைப் புல்தரையில் நிகழ்த்திக் காட்டினார்.

சிக்கந்தராபாத்தின் அருகே ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராமை இளம் வயதிலேயே அவர் இனங்கண்டார். நாள்தோறும் பயிற்சிக்கு வரப் பணவசதி இல்லை என்று அவ்விளைஞர் தயங்கியபோது, சைக்கிள் வாடகையை ரஹீமே கொடுத்ததாகச் சொல்லுவார்கள். அவ்விளைஞர் பின்னாளில் சுனி கோஸ்வாமியோடும் பி.கே. பானர்ஜியோடும் சேர்ந்து இந்தியாவின் தலைசிறந்த முன்னணி மூவருள் ஒருவரானார்.

1954-இல் மணிலாவில் நடந்த ஆசிய விளையாட்டுகளில், தங்கம் வென்ற நாடு என்ற பெருமையோடு சென்ற இந்தியா முதற்சுற்றிலேயே வெளியேறியது. அப்போது ரஹீம் பொறுப்பில் இல்லை. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கு அவர் மீண்டும் அழைக்கப்பட்டார். ஹங்கேரி போட்டிக்கு வராமையால் நேராக அடுத்த சுற்றுக்குச் சென்ற நம்மவர், டிசம்பர் முதல் நாள் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே நான்குக்கு இரண்டு என்று வென்றார்கள். நெவில் டிசௌசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு என்ற சிறப்பு இந்தியாவுக்குக் கிட்டியது.

அரையிறுதியில் எதிரே நின்றது, அதே யூகோஸ்லாவியா. நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்துக் கோல்கள் போட்ட நாடு. இடைவேளைவரை இரு பக்கமும் கோல் இல்லை. இடைவேளைக்குப்பின் முதற்கோலை அடித்தவர் டிசௌசா. இந்தியா முந்தி நின்றது. பின்னர் யூகோஸ்லாவியா விரைந்து எழுந்து நான்குக்கு ஒன்று என்று வென்றது என்பது உண்மை. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் நாம் தோற்று நான்காம் இடம் பெற்றோம். ஆனால் பத்துக்கு ஒன்றாக இருந்த இடைவெளி எவ்வளவு சுருங்கிவிட்டது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். எங்கள் டிரில் மாஸ்டரின் பதிவேட்டில் மெல்போர்ன் செய்தியின் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போடப்பட்டிருந்தது. “பதக்கம் இல்லாத ஆட்டத்துக்கு எதற்கு ஐயா சிவப்புக் கோடு?” என்று கேட்டேன். “முப்பத்தைந்து மதிப்பெண் வாங்கியே தேறாத பயல் எழுபது வாங்கினால் கோடு போடமாட்டாயா?” என்றார்.

இங்கே தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஒருவரையும் நினைக்கவேண்டும். பீட்டர் தங்கராஜ் 1935-இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். நீலகிரி வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையத்தில் சேர்ந்து, அங்கே முன்னணி ஆட்டத்தை விட்டுக் கோல்கீப்பராக மாறினார். ஆறடிக்கு மேற்பட்ட உயரம், நீண்ட கரங்கள். 1955-இலும் 1958-இலும் அந்த மையத்தின் அணி டூரண்டு கோப்பையை வென்றது. மெல்போர்ன், ரோம் ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளிலும் அவர் இந்திய அணியில் இருந்தார். நீலகிரி மலைமேல் பழகிய அக்கரங்களை ரஹீம் நம்பினார். அந்நம்பிக்கை வீண்போகவில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

1958-இல் பிரேசில் உலகக் கோப்பையை வென்றபோது, நான்கு பேர் பின்னே, இருவர் நடுவே, நான்கு பேர் முன்னே என்னும் அணிவகுப்பு உலகெங்கும் பேசப்பட்டது. ரஹீம் அம்முறையை நம் ஆட்டக்காரர்களுக்குப் பழக்கினார். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரி நம்மை வென்றது இரண்டுக்கு ஒன்று என்றுதான். அந்த ஹங்கேரி இறுதியில் வெண்கலம் பெற்ற அணி. பிரான்சுடன் ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டத்தைச் சமனாக்கினோம். பெருவிடம் தோற்றமையால் மேலே செல்ல இயலவில்லை.

பின்னர் வந்தது 1962-ஆம் ஆண்டு. ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டுகள். ரஹீமின் உடலைப் புற்றுநோய் அரிக்கத் தொடங்கியிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியா இரண்டுக்குச் சுழியம் என்று நம்மை வீழ்த்தியது. அதன்பின் தாய்லாந்தை நான்குக்கு ஒன்றாகவும் ஜப்பானை இரண்டுக்குச் சுழியமாகவும் வென்றோம். ஆனால் தாய்லாந்துடன் நடந்த ஆட்டத்தில் பின்காவலின் தூணாகிய ஜர்னைல் சிங்கின் தலையில் பலத்த காயம் ஏற்பட்டுத் தையல் போட நேர்ந்தது. அவரை வெளியே அமர்த்துவதே எவரும் செய்யக்கூடியது. கல்லூரி நாட்களில் அவர் முன்னணியில் ஆடியவர் என்பதை ரஹீம் அறிந்திருந்தார். அரையிறுதியில் அவரைப் பின்காவலிலிருந்து எடுத்து, முன்னணியின் நடுவில் நிறுத்தினார். தென்வியட்நாமுக்கு எதிராகக் கோஸ்வாமி இரண்டு கோல்களும் ஜர்னைல் ஒரு கோலும் அடிக்க, மூன்றுக்கு இரண்டு என்று இந்தியா வென்றது. மாணவனின் பழைய பதிவேட்டையும் நினைவில் வைத்திருக்கும் ஆசிரியருக்கே இவ்வாறு செய்யத் தோன்றும்.

செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதி ஆட்டம். எதிரே மீண்டும் தென்கொரியா. அரங்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியாவுக்கு எதிராக முழங்கினார்கள். இஸ்ரேல், தைவான் ஆகிய நாடுகளைப் போட்டிகளுக்கு அழைக்காமல் விட்டதை இந்தியரான ஜி.டி. சோந்தி கண்டித்திருந்தார்; அந்த அரசியல் சினம் ஆட்டக்காரர்கள் தலையில் விழுந்தது. அந்த ஆரவாரத்துக்கு நடுவே நமக்காகக் குரல் கொடுத்தவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் என்று நம் வீரர்கள் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஆட்டத்துக்கு முன்பு ரஹீம் தம் பிள்ளைகளிடம் நீண்ட அறிவுரை எதுவும் கூறவில்லையாம். தமக்கு ஒரே ஒரு பரிசு வேண்டும், அது அந்தத் தங்கப் பதக்கம் என்று மட்டும் கேட்டாராம்.

17-ஆவது நிமிடத்தில் பானர்ஜி கோல் அடித்தார். 20-ஆவது நிமிடத்தில், தையலிட்ட தலையோடு நின்ற ஜர்னைல் சிங் இரண்டாவது கோலை அடித்தார். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் கொரியா ஒரு கோலைத் திருப்பிற்று. மற்றபடி கோலைக் காத்து நின்றவர் தங்கராஜ். இந்தியா 2, தென்கொரியா 1.

அன்று திருச்சியில் பூங்கா வானொலியின் அருகே நின்று இச்செய்தியைக் கேட்டதாக எங்கள் டிரில் மாஸ்டர் கூறுவார். நான் அப்போது மழலை. செய்தியை அறிவித்தவர் கோல் அடித்தவர்களின் பெயரைச் சொல்லி முடித்தபின்னும், ரஹீமின் பெயர் வருமா என்று தாம் காத்து நின்றதாகவும், பிறகு சைக்கிளை மிதித்துக்கொண்டு காவிரிப் பாலத்தைக் கடந்து வீடு திரும்பியதாகவும் சொல்லுவார். அவருடைய குரலில் மனத்தாங்கல் இராது. ஆசிரியர் பெயர் செய்தியில் வராது என்பதை அவர் அறிந்தவர்.

1963 ஜூன் 11-ஆம் நாள், ஐம்பத்து மூன்றாம் வயதில், ரஹீம் காலமானார். ஜகார்த்தா வெற்றிக்குப் பின் அவர் வாழ்ந்தது ஒன்பது மாதங்களே. விளையாட்டு வீரர்களுக்கான அர்ஜுனா விருது 1961-இல் தொடங்கப்பட்டது. பானர்ஜி, பலராம், கோஸ்வாமி, ஜர்னைல், தங்கராஜ் என்று அவருடைய மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராக அதனைப் பெற்றனர். பயிற்சியாளர்களுக்கென்று துரோணாசாரியர் விருது ஏற்பட்டது 1985-இல். ரஹீம் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து. 1970-இல் பாங்காக்கில் இந்தியா வெண்கலம் பெற்றபோது பயிற்சியாளர்களுள் ஒருவராக இருந்தவர் பி.கே. பானர்ஜி. அச்செய்தி வந்த மறுநாள் எங்கள் ஆசிரியர் பள்ளிக்கு வந்து, ரஹீமின் வகுப்பு இன்னும் கலையவில்லை என்றார். ஆனால் மெல்லக் கலைந்துதான் போயிற்று. ரோமுக்குப் பின் இந்திய ஆடவர் அணி ஒலிம்பிக் கால்பந்தில் ஆடியதில்லை. ஜகார்த்தாவுக்குப் பின் ஆசிய விளையாட்டுகளில் தங்கமும் வரவில்லை.

நடுநிலையோடு பேசுவதாயின், எல்லாப் புகழையும் ஒருவர்மேல் ஏற்றுவதும் தகாது. கல்கத்தாக் கழகங்களும் இராணுவ அணிகளும் இரயில்வே அணிகளும் வளர்த்த திறமையே ரஹீமின் கையில் வந்து சேர்ந்தது. பூட்ஸைக் கட்டாயமாக்கியது சம்மேளனம். பிற்கால வீழ்ச்சிக்கும் காரணங்கள் பல. இருப்பினும், அவர் பொறுப்பில் இருந்த ஆண்டுகளையும் இல்லாத ஆண்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. அவர் போனபின் நாம் அவரைப் போற்றினோம். அவர் நடத்திய அந்தச் சிறுவர் பந்தயங்களை ஊர்தோறும் நடத்தினோமா என்றால் இல்லை. கோப்பையை நினைவில் வைத்தோம், பாடத்தை மறந்தோம்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று நானே கேட்டுக்கொண்டதுண்டு. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு குறைந்துவிட்டது என்று மேலிடத்தில் கடிந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பின் உடற்பயிற்சிப் பாடவேளைகளையெல்லாம் கணக்குக்கு மாற்றி எழுதினேன். அங்கிருந்த உடற்பயிற்சி ஆசிரியர் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. காற்றிறங்கிய பந்துகளைக் கோணிப்பையில் கட்டி அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அவ்வாண்டு தேர்ச்சி சற்றுக் கூடியது, என்னைப் பாராட்டினார்கள். அந்தச் சாவி மேசைமேல் விழுந்த ஓசை மட்டும் இன்றுவரை என் காதில் இருக்கிறது. 1920-லேயே சென்னையில் ஹாரி குரோ பக் என்பவர் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவி, அதுவும் கல்வியே என்று நிலைநாட்டினார். அக்கல்லூரி பிறந்த மாநிலத்தில் இருந்துகொண்டு நான் செய்தது இது. ரஹீமைப் போன்ற ஒருவர் என் பள்ளியில் இருந்திருந்தால் அவர் கையிலிருந்தும் பந்தைப் பிடுங்கியிருப்பேன் என்பதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

2024-இல் ரஹீமின் வாழ்க்கை ‘மைதான்’ என்ற பெயரில் இந்தித் திரைப்படமாக வெளிவந்தது. படம் பார்த்துவிட்டு வந்த என் பேரப்பிள்ளைகள், இத்தகைய ஒருவர் உண்மையில் இருந்தாரா தாத்தா என்று கேட்டார்கள். இருந்தார் என்றேன். மறுநாள் மாலை அவர்களைக் கொள்ளிடத்து மணலுக்கு அழைத்துச் சென்று, இடக்காலால் மட்டும் பந்தைத் தொடவேண்டும் என்றேன். முதலில் சிரித்தார்கள், பிறகு விழுந்தார்கள், இருட்டும்வரை வீடு திரும்ப மறுத்தார்கள்.

நன்னூல் நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை கூறுகிறது. நிலம் தன்னை மிதிப்போரையும் தாங்கிப் பயன் தருவது. பந்தாடுவோர் மிதித்து ஓடும் அந்த நிலத்தின் பொறுமை ரஹீமிடம் இருந்தது. நேயர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியிலும் ஊதுகுழலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்கும் ஓர் ஆசிரியர் இருப்பார். அவர் பெயர் எந்தச் செய்தியிலும் வராது. இன்று மாலை அவ்வழியே செல்ல நேர்ந்தால், சற்று நின்று, அவர் கற்பிப்பதைப் பாருங்கள். அவருடைய பாடவேளையை மட்டும் எவரும் பிடுங்கிக்கொள்ள விடாதீர்கள்.